துரையும் கண்டக்டரும்

கதவைத் திறந்த அக்கா தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்றவனைத்தான் முதலில் பார்த்தாள்.

“இன்னைக்குமா?” என்றாள்.

“ரூல்க்கா.”

“ரூலாம் ரூலு! சாகக் கிடக்கிற அப்பாவைப் பாக்க வர்றதுக்குமா ரெண்டு பேரு?” சொல்லி முடித்த பிறகுதான், பின்னால் நிற்பவனுக்கும் காது இருக்கிறதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நீ உள்ள வாப்பா. உன்னைச் சொல்லி என்ன பண்றது. ஈரத்துல நிக்காத.”

இருவரும் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், கழுத்தில் டை, சட்டைப் பையில் கறுப்புப் பட்டை. பட்டையில் மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையின் பெயர், ‘எல்டர்’ என்ற வார்த்தை, பிறகு குடும்பப் பெயர். எல்டர் என்றால் மூப்பர். தம்பிக்கு, அந்த வீட்டுச் சின்னவனுக்கு, இருபது வயது. கூட வந்தவனுக்கு அதுவும் ஆகவில்லை. “இருபது வயசுல மூப்பராம்! அப்ப நான் யாரு, தொட்டில்ல கிடக்கிறவனா?” என்று அப்பா இந்தப் பட்டையை முதன்முதலில் பார்த்த அன்றே கேட்டுவிட்டார்.

அந்தச் சபையின் ஊழியக்காரப் பையன்கள் தனியாக எங்கும் போகக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். ஒருவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில் மற்றவன் இருக்க வேண்டும். கழிப்பறையும் குளியலறையும் மட்டும் விலக்கு. சென்ற வாரம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தபோது அப்பா இந்த ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு, “டிரைவர் இருந்தா கண்டக்டரும் இருக்கணும்ல, சரிதான்” என்றார். அன்றிலிருந்து கூட்டாளியின் பெயர் கண்டக்டர். அந்தப் பையனும் கோபித்துக்கொள்ளவில்லை. “உங்க அப்பா ஜோக்கா பேசுறாரு எல்டர்” என்று திரும்பிப் போகும் வழியெல்லாம் சிரித்தான்.

அப்பா வாழ்நாளெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். சபைக்காரர்களை இந்த வீட்டுக்குள் விட்டதே அவர்தான். ஒரு மழை நாளில் வெள்ளைச் சட்டைப் பையன்கள் இரண்டு பேர் தொப்பலாக நனைந்து தெருவில் போக, “உள்ள வந்து நில்லுங்கப்பா” என்று கூப்பிட்டார். துண்டு கொடுத்தார். டீ கொடுத்தார். எங்கள் சபையில் டீ குடிக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். அதற்குள் சின்னவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களோடு பேச உட்கார்ந்துவிட்டான். ஒரு வருஷத்தில் ஞானஸ்நானம், அடுத்த வருஷம் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்கிற ஊழியம். டெப்போவில் யார் யார் கையையோ காலையோ பிடித்து அப்பா பேசி வைத்திருந்த மெக்கானிக் வேலை வேறொருவனுக்குப் போயிற்று.

“வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டேன்” என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மகனிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. டை கட்டிக்கொண்டு கிளம்பி நின்ற அன்று, “போயிட்டு வாங்க துரை” என்றதோடு சரி.

ஊழியத்தில் இருக்கிறவன் வீட்டோடு போன் பேசுவது அந்த நாட்களில் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்தான். அன்னையர் தினத்துக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. அம்மா இல்லாத வீட்டில் அன்னையர் தினத்தன்று அக்காதான் போனை எடுத்தாள். “அப்பா, தம்பி பேசுறான்” என்றாள். “நான் தூங்குறேன்னு சொல்லு” என்று அப்பா சொன்னது இந்த முனையில் நன்றாகவே கேட்டது.

அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது சின்னவன் அழவில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றும் கேட்கவில்லை. ஒரு கணக்குப் போட்டான். கீழ்ப்படிகிறவனுக்கு ஆசீர்வாதம் உண்டு என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை அவன் அப்படியே பிடித்துக்கொண்டான். ஒரு விதியைக்கூட, தம்மாத்துண்டு விதியைக்கூட மீறாமல் இருந்துவிட்டால் அப்பா பிழைத்துக்கொள்வார். காலையில் எழுகிற நேரம், படிக்கிற நேரம், படுக்கிற நேரம் ஒன்றும் பிசகவில்லை. டிசம்பரில் எந்த வீட்டிலும் அவர்களுக்கு நேரமில்லை. “பண்டிகை முடியட்டும்ப்பா, அப்புறம் வாங்க” என்று கதவுகள் மூடின. ஜன்னல்களில் விளக்குச் சரம் மின்ன, கடைகளில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓட, மழையில் அடுத்த கதவையும் தட்டினான். சளி பிடித்திருந்த கண்டக்டர், “இன்னைக்கு இது போதும் எல்டர்” என்றபோது, “எங்கப்பாவுக்காக இன்னும் ஒரு தெரு” என்றான். கண்டக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தான்.

இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அப்பா மோசமாகிவிட்டார் என்று அக்கா சபைத் தலைவருக்குப் போன் செய்திருந்தாள். “போய்ப் பாத்துட்டு வாங்க. ரெண்டு பேருமா போங்க. இருட்டுறதுக்குள்ள ரூமுக்குத் திரும்பிடுங்க” என்று அவர் அனுப்பி வைத்தார்.

“மாமா எங்கக்கா?” என்று கேட்டான் சின்னவன்.

“கப்பல் வந்திருக்குன்னு போனவரு. துறைமுகத்துல லீவே கிடையாதாம். அப்பாவைப் பாத்துக்கிற ஆளும் பண்டிகைன்னு ரெண்டு நாள் வரமாட்டேன்னுட்டாரு. நீ வந்தது நல்லதாப் போச்சு.” அக்கா பையை எடுத்துக்கொண்டாள். “காலையிலேர்ந்து ‘துரை வந்தாச்சா, துரை வந்தாச்சா’ன்னு ஒரே பாட்டு. நீ உள்ள போ. நான் மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

அப்பா தன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்றதும் சின்னவன் டையை நேராக்கிக்கொண்டான். கணக்கு பலித்துவிட்டது என்றே நினைத்தான்.

அப்பாவின் அறை தெருவைப் பார்த்த சின்ன அறை. கட்டில், மருந்து மேஜை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சுவரில் ஆணியில் அவருடைய யூனிஃபார்ம் சட்டை தொங்கியது. மடிப்புக் கலையாமல் யாரோ தேய்த்து மாட்டியிருந்தார்கள். ஓடுகிற பஸ்ஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் அந்தச் சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை குளியல்தான். குளிக்காமல் பிள்ளைகளைத் தொட மாட்டார்.

இப்போது போர்வையை மோவாய் வரை இழுத்து, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். கன்னம் ஒட்டிப் போய் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அறையில் டெட்டால் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. நோயாளி அறை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சின்னவன் நினைத்துக்கொண்டான்.

“வாங்க துரை” என்றார் அப்பா. பிறகு கண்ணை நகர்த்திக் கதவைப் பார்த்தார். “கண்டக்டரும் வந்தாச்சா.”

“எப்படி இருக்கீங்க அங்கிள்?” என்றான் கண்டக்டர்.

“இன்ஜின் ஆஃப் ஆகுற மாதிரி இருக்குப்பா. பேட்டரி கொஞ்சம் மிச்சம்.”

தெருவில் ஒரு பஸ் மேட்டில் திணறி ஏறியது. அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். “செகண்ட்ல வர வேண்டியவன் தேர்டுல வர்றான் பாரு. வண்டியைக் கொல்றானுங்க.” சின்னவன் சிரித்தான். அப்பா அவனிடம் நேராக இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று!

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடிக்கப் போனான். அப்பா போர்வையை விடவில்லை.

“இந்தாடா” என்றார், குரலைத் தாழ்த்தி. துரை போய் ‘டா’ வந்திருந்தது. “கண்டக்டர் கொஞ்சம் வெளியில நிக்கட்டும். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

கதவோரம் நின்ற கண்டக்டர் சின்னவனைப் பார்த்தான். இருவரில் மூத்தவன் சின்னவன்தான், முடிவு அவனுடையது. ஒரு தலையசைப்பு போதும். கண்டக்டரின் ஒரு கை ஏற்கெனவே கதவின் பிடியில் இருந்தது.

சின்னவன் தலையை அசைக்கவில்லை. இதுதான் சோதனை என்று அவனுக்குத் தோன்றியது. இத்தனை நாள் கட்டிக் காத்ததை உடைத்துப் பார்க்க வந்த கடைசிச் சோதனை. இன்னொரு பயமும் இருந்தது. தனியாக இருந்தால் அப்பா ‘போகாதடா’ என்று சொல்லிவிடுவார். சொன்னால் அவன் போக மாட்டான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

“அவர் இருக்கட்டும்பா. எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அவரும் நம்ம வீட்டுப் பையன் மாதிரிதான்.”

“நம்ம வீட்டுப் பையன்தான், யார் இல்லேன்னா? கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கட்டுமே. நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடப் போறேன்?”

“ரூல்பா.”

அப்பா விட்டத்தைப் பார்த்தார். “நானும் ரூல் பாத்து ஓட்டினவன்தான்” என்றார் பிறகு. “வண்டியில ஒருத்திக்குப் பிரசவ வலி வந்துச்சு. அன்னைக்கு ஸ்டாப்பு ஸ்டாப்பா நிறுத்திக்கிட்டா போனேன்? நேரா ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு போய் விட்டேன். டெப்போவில மெமோ குடுத்தான். வாங்கிக்கிட்டேன்.”

சின்னவன் குனிந்து தன் விரல்களைப் பார்த்தான். கண்டக்டர் சுவரைப் பார்த்தான்.

“சரி, விடு” என்றார் அப்பா.

அந்த ‘விடு’ சின்னவனுக்குத் தாங்கவில்லை. “அப்பா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து உங்க தலையில கை வச்சு ஜெபம் பண்ணட்டுமா? இதுக்கு ரெண்டு பேர் இருந்தா நல்லதுப்பா” என்றான்.

“செய்யி. உனக்கு எது தெரியுமோ அதைச் செய்யி.”

சாவிக்கொத்தில் மாட்டியிருந்த சிறு குப்பியைத் திறந்து கண்டக்டர் அப்பாவின் உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தான். நான்கு கைகளும் அந்தத் தலையில் அமர்ந்தன. சின்னவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தான். எழுந்து நடப்பீர்கள் என்றான். பலம் திரும்பும் என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே அதில் நம்பிக்கை ஏறியது. கண்ணைத் திறந்தபோது அப்பாவின் கண்கள் திறந்தே இருந்தன. அவர் முழு நேரமும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார் போலிருந்தது.

“எல்டர், பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றான் கண்டக்டர், கேட்டும் கேட்காததுமாக.

சின்னவன் எழுந்தான். “வரேன்பா. நாளைக்கு கிறிஸ்துமஸ். போன் பண்ணுவேன். தூங்கறேன்னு சொல்லிடாதீங்க.”

அப்பா சிரித்தார். அவர் வாயில் இரண்டு பற்கள் விழுந்திருந்ததை அப்போதுதான் கவனித்தான்.

“விசில் குடுப்பா கண்டக்டர்” என்றார். “வண்டி கிளம்பட்டும்.”

*

கிறிஸ்துமஸ் அன்று காலை கண்டக்டர் சீக்கிரமே குளித்துவிட்டுச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் வீடு ஒரு பகல் ஓர் இரவு ரயிலில் போக வேண்டிய தூரம். அன்று பத்து மணிக்கு அவன் அம்மா பக்கத்து வீட்டுப் போன் அருகில் வந்து உட்கார்ந்திருப்பாள். போனில் முகம் தெரியப் போவதில்லை. இருந்தாலும் நல்ல சட்டையைத்தான் தேய்த்தான். ஒரு வாரமாக, அம்மா முதலில் அழுவாளா திட்டுவாளா என்று தனக்குத் தானே பந்தயம் கட்டிக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. சபைத் தலைவர். சின்னவன் கேட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தான். “சரிங்க” என்றான். “சரிங்க, சரிங்க” என்றான். போனை வைத்தான்.

“விடியக்காலையில போயிட்டாராம்” என்றான்.

கண்டக்டர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான்.

“நான் ஒரு ரூலும் மீறலையே” என்றான் சின்னவன். யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை. “ஒண்ணுகூட மீறலையே!” இரண்டாம் தரம் அதைக் கத்தியே சொன்னான். அவனுக்கு அழுகை வரவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டது போல ஆத்திரம்தான் வந்தது.

கண்டக்டர் பாதி தேய்த்த சட்டையையே போட்டுக்கொண்டு டையை மாட்டினான். “கிளம்பலாம் எல்டர்.”

“உங்க போன்?”

“அடுத்த தடவை பேசிக்கலாம்.” அடுத்த தடவை என்பது மே மாதம், அன்னையர் தினம்.

பண்டிகை நாளில் பஸ் லேசில் வரவில்லை. வந்த பஸ்ஸும் காலியாக இருந்தது. டிரைவர் காதில் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினார். மேடு வந்தபோது அவர் எந்த கியரில் போகிறார் என்று சின்னவனுக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் அவன் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தான். அப்பா என்ன சொல்ல வந்தார்? மன்னிச்சிட்டேன் என்று சொல்ல வந்தாரோ. அம்மாவைப் பற்றி ஏதாவதோ. இல்லை, இதையெல்லாம் விட்டுவிட்டு வா என்றா? சாகப் போகிறவர் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால் அது பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும்.

வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து ஆண்கள் நான்கைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “கொண்டு போற வண்டி மதியத்துக்கு மேலதான் வருமாம் தம்பி. டிரைவரு லீவாம்” என்றார் ஒருவர். சொல்லிவிட்டு, யாருடைய சாவு வீட்டில் நிற்கிறோம் என்று நினைவு வந்தவர் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அக்கா அவனைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவன் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்தி, முந்தானையால் துடைத்துக்கொண்டு பேசினாள்.

“நல்லவேளை நேத்து நீ வந்த. நீ வந்திருக்காட்டி அந்த மனுஷன் நிம்மதியா போயிருக்க மாட்டாரு.”

“என்னக்கா சொல்ற?”

“உனக்கு அவரு சொல்லாமலா இருந்திருப்பாரு? அந்த ஆஸ்பத்திரி ஆளு வந்துதான் தினம் ரெண்டு வேளை திருப்பிப் போட்டு, துடைச்சு, துணி மாத்திட்டுப் போவாரு. நேத்து அவரு வரல. காலையிலேயே படுக்கை நனைஞ்சு போச்சு. நான் மாத்துறேன்ப்பான்னு கிட்டப் போனா அடிக்க வர்றாரு. பெத்த பொண்ணு கையால இதைச் செஞ்சுக்கிறதுக்கு நான் செத்தே போயிடலாம்னாரு. பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடறேன்னேன், கூடவே கூடாதுன்னுட்டாரு. ‘துரை வர்றான்ல, அவன் பாத்துப்பான். நீ அந்த நேரத்துக்கு வெளியில போயிடு’ன்னாரு. மருந்தெல்லாம் வீட்டுலயே இருந்துச்சு, நான் சும்மாதான் பையை எடுத்துக்கிட்டுப் போனேன்.”

சின்னவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“திரும்பி வந்ததும் கேட்டேன், துணி மாத்தியாச்சாப்பான்னு. ‘துரை எல்லாம் செஞ்சுட்டான். சுத்தமா செஞ்சுட்டான். போ, போய்ப் படு’ன்னாரு. அதை எப்படிச் சொன்னாரு தெரியுமா! ஒரு வருஷமா உன் பேரை எடுத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிற மனுஷன்!” அக்காவுக்கு மறுபடியும் அழுகை வந்தது. “அப்புறம் போர்வையைப் பிடிச்சவரு விடவே இல்ல. குளிருதுன்னு நெனச்சேன். விடியற வரைக்கும் அப்படியே பிடிச்சுக்கிட்டுத்தான் கிடந்தாரு.”

அவன் வாயைத் திறந்தான். அக்கா அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இந்தக் கை செஞ்சுது. அது போதும் எனக்கு. அதனாலதான் இப்பவும் யாரையும் தொட விடல. நீ வந்து குளிப்பாட்டுன்னு அப்படியே வச்சிருக்கேன். வெந்நீர் போட்டிருக்கேன், எடுத்துக்கிட்டுப் போ.”

வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் அந்த அறைக்குப் போனான். கண்டக்டர் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். வாசற்படியில் நின்றுவிட்டான். துண்டை நீட்டினான்.

“நான் வெளியில நிக்கிறேன்.”

“இப்ப எதுக்கு?” சின்னவன் திரும்பினான். பல்லைக் கடித்துக்கொண்டு, வாசலில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடாமல் பேசினான். “இப்ப எதுக்குடா வெளியில நிக்கிற? நேத்து போயிருக்கலாம்ல நீ? கதவுல கை வச்சுக்கிட்டுத்தானே நின்ன!”

கண்டக்டரின் கண் கலங்கியது. ஆனாலும் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. “நீங்க தலையாட்டியிருந்தா போயிருப்பேண்ணே” என்றான்.

இத்தனை மாதத்தில் அவன் அண்ணே என்றது அதுதான் முதல் தடவை. துண்டைச் சின்னவன் தோளில் போட்டுவிட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்தினான்.

அறையில் சின்னவனும் அப்பாவும் மட்டும் இருந்தார்கள்.

போர்வையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவை விறைத்திருந்தன. நேற்றைய அந்த இன்னொரு வாடை போர்வையை விலக்கியதும் முகத்தில் அடித்தது. விரிப்பு முழுக்க நனைந்து, ஓரங்களில் காய்ந்து மஞ்சள் கோடு கட்டி, நடுவில் இன்னும் சில்லென்று ஈரமாக இருந்தது. ஒரு பக்கமாகத் திருப்பினான். முதுகிலும் இடுப்பிலும் தோல் வெந்தது போலச் சிவந்து உரிந்திருந்தது. இந்தப் புண்ணை ஈரத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் விசில் கொடுக்கச் சொன்னார். இதன் மேல் படுத்துக்கொண்டுதான் அவன் கையைத் தலையில் வாங்கிக்கொண்டார்.

“சொல்லியிருக்கலாம்லப்பா” என்றான் சின்னவன். “அவன் இருந்தா என்ன? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.” சொல்லும்போதே தெரிந்தது, அவர் சொல்ல மாட்டார். குளிக்காமல் பிள்ளையைத் தொடாத மனிதர். அடக்க முடியாமல் அழுதான். அழுதுகொண்டே டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். சட்டைக் கையை மடித்தான்.

வெந்நீரில் துண்டை நனைத்துத் துடைத்தான். முகம், கழுத்து, கக்கம். புண் இருந்த இடங்களில், இனி வலிக்காது என்று தெரிந்தும், ஒற்றி ஒற்றி எடுத்தான். இரண்டு தரம் சோப்புப் போட்டான். குனியும்போதெல்லாம் சட்டைப் பையின் கறுப்புப் பட்டை அப்பாவின் தோளில் இடித்தது. அதையும் கழற்றி மருந்து மேஜையில் வைத்தான். தலையைத் துடைக்கும்போது உச்சியில் நேற்றைய எண்ணெய் பிசுபிசுவென்று ஒட்டியது. அது லேசில் போகவில்லை.

ஆணியிலிருந்த யூனிஃபார்ம் சட்டையை எடுத்து மாட்டிவிட்டான். அது இரண்டு பேருக்கு ஆகும்படி தொளதொளத்தது. பித்தான்களைப் போட்டு, மடிப்பை நீவிவிட்டான். பீரோவிலிருந்து புது விரிப்பு எடுத்து, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து, கீழே விரித்தான். அதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை இல்லை அது.

பழைய விரிப்பையும் போர்வையையும் சுருட்டிக் கையில் இடுக்கிக்கொண்டான். அக்கா கண்ணில் படாமல் கொண்டு போய்விட வேண்டும். நடையைத் தாண்டிப் போய் வீட்டுப் பின்கதவைத் திறந்தான். கண்டக்டர் கொல்லைக் குழாயடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். தூறலில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான், சுருட்டியிருந்ததைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டான்.

இருவரும் குந்தி உட்கார்ந்து கசக்கினார்கள். தண்ணீர் மஞ்சளாக ஓடியது.

சமையலறைக் கதவு திறந்தது. அக்கா காலி வாளியோடு படியில் நின்றாள். தொட்டியைப் பார்த்தாள், அதிலிருந்து வழிகிற தண்ணீரைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள். அந்த விரிப்பு அவள் நேற்றுக் காலை பார்த்த அதே விரிப்புதான். ஓரத்தில் நீலக்கோடு போட்டது.

சின்னவன் எழுந்து நின்றான். கையிலிருந்து நுரை சொட்டியது. “அக்கா...” என்றான்.

அவள் உள்ளே போய்விட்டாள். கத்துவாள், எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லுவாள் என்று அவன் காத்திருந்தான். அப்படிச் செய்தால் தேவலை என்றிருந்தது. உள்ளே பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது, பிறகு யாரோ ஆள் வந்து விசாரிக்கிற சத்தம். “ஆமா, என் தம்பிதான் எல்லாம் செஞ்சான்” என்று அக்கா சொல்வது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, சோப்புத்தூள் பாக்கெட்டைக் கல்லின் மேல் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

இரண்டாம் தண்ணீரில் அலசினார்கள். மூன்றாம் தண்ணீரில் நிறம் போயிற்று. நனைந்த விரிப்பு கனத்தது.

“அந்த முனையைப் பிடிங்கண்ணே” என்றான் கண்டக்டர்.

ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்று முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது. தெருவில் ஒரு பஸ் மேட்டில் ஏறியது. பாதியில் திணறி, கியரை மாற்றிக்கொண்டு போயிற்று. இருவரும் அது போகிற வரை அப்படியே நின்றார்கள். பிறகு கண்டக்டர் பிடியை மாற்றிக்கொண்டான். சின்னவனும் மாற்றிக்கொண்டான். இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்கள். சொட்டிக்கொண்டுதான் இருந்தது.